புயலுக்கும் அழியாத பெயர்

அத்தியாயம் 7

வீடியோ கேம் பெட்டியின் பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே சர்க்யூட் போர்டு இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து ஒயர்கள்தான் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தன.

"ஆறு மணி" என்றார் ஒகினோ. ஐம்பத்திரண்டு வயது, டாக்ஸி ஓட்டுகிறவர். வெள்ளைக் கையுறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. "ஆறு மணிக்குள்ள போர்டு திரும்பி இந்தப் பெட்டிக்குள்ள வரணும். வரலேன்னா நான் நேரா போலீஸுக்குப் போவேன். யார் பேரைச் சொல்லணும்னு எனக்கு நல்லாத் தெரியும்."

சொல்லிவிட்டு ஷிஹோவைப் பார்த்தார். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அவளைத்தான் பார்த்தார்கள். மணி நாலு.

ஷிஹோ என்னத்தைச் சொல்வது? போன வருஷக் கடைசியில் எல்லாரும் சேர்ந்து குடிக்கப் போன இடத்தில், ரெண்டு கிளாஸ் உள்ளே போனதும், "அந்த போர்டு எரிஞ்சு போனாத்தான் எனக்கு நிம்மதி" என்று மேஜையைத் தட்டிச் சொன்னவள் அவளேதான். கேட்டவர்களில் பாதிப் பேர் இப்போது இங்கே நிற்கிறார்கள்.

ஓசாகாவின் கூரை போட்ட கடைத்தெருவில் இருக்கும் இந்த 'கமோமே' ஆட்டக்கடைக்கு ஒரே ஒரு பெருமைதான். 'வெண்கொக்கு'. 1988-இல் வந்த ஆட்டம். அம்பு மழைக்கு நடுவே ஒரு கொக்கைப் பறக்கவிட வேண்டும். நாட்டிலேயே உயிரோடு மிஞ்சிய ஒரே அசல் போர்டு இங்கேதான் இருந்தது. ஹொக்கைதோவிலிருந்தெல்லாம் ரயிலேறி வந்து ஒரு நூறு யென் நாணயத்தைப் போட்டு, ஆடிவிட்டு, பெட்டியைத் தொட்டுக் கும்பிடாத குறையாகப் போவார்கள்.

ஷிஹோ செய்தது எமுலேட்டர். அந்த போர்டு செய்வதை எல்லாம் ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரைச் செய்யவைக்கிற மென்பொருள். முன்னால் அவள் வெளியிட்டதில் பட்டனை அமுக்கினால் கொக்கு ஒரு கண்சிமிட்டல் கழித்துத்தான் எழும்பும். திரையில் நாற்பது அம்புக்கு மேல் வந்தால் அசல் போர்டு திணறும். எல்லாமே ஒரு நொடி மந்தமாகும். அந்தத் திணறலில்தான் ஆட்டக்காரர்கள் சந்து பார்த்து நுழைவார்கள். ஷிஹோவின் கொக்கு திணறவே திணறாது. "உன் கொக்குக்கு மூச்சே வாங்கலையே" என்று சிரித்தார்கள். அந்த ஒரு சிரிப்புக்காக ரெண்டு வருஷம், கடை லீவான செவ்வாய்க்கிழமை ஒன்று விடாமல் வந்து, நொடிக்கு ஆயிரம் படம் எடுக்கிற கேமராவை வைத்து அளந்து, புதுப் பதிப்பு செய்தாள். தாமதம் போயிற்று. மூச்சும் வாங்கியது.

நாளை ஞாயிறு போட்டி. பக்கத்தில் பக்கத்தில் ரெண்டு பெட்டி. ஒன்றில் அசல், ஒன்றில் ஷிஹோவுடையது. முப்பத்தொரு வருஷமாகச் சாதனையை வைத்திருக்கும் ஒகினோ ரெண்டிலும் ஆடி, எது அசல் என்று சொல்ல வேண்டும். அவரால் சொல்ல முடியாவிட்டால் கியோத்தோ அருங்காட்சியகம் ஷிஹோவின் வெண்கொக்கை வாங்கிக்கொள்ளும். போர்டைத் திருடியவள் என்ற பேச்சு ஒன்று போதும். அருங்காட்சியகம் என்ன, பக்கத்து வீட்டுக்காரன்கூட அவளைக் கூடத்தில் உட்கார வைக்கமாட்டான்.

நாத்தனாரை மட்டும் மெச்சுகிற வீட்டில் வாழ்க்கைப்பட்ட மருமகள் மாதிரிதான் ஷிஹோ அந்த போர்டைப் பார்த்து வெந்துகொண்டிருந்தாள். பச்சை நிறத்தில், உள்ளங்கை ரெண்டு சேர்த்த அளவு ஒரு தகடு. அதன் மேல் போய் ஒரு மனுஷிக்குப் பொறாமை!

"அக்கா, திருடன் ரொம்ப நல்லவன்" என்றது பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "காசு டப்பாவைத் தொடவே இல்ல. பூட்டை உடைக்கல. திருகாணி நாலையும் கழட்டி ஒரு காகிதத் தட்டுல வச்சிட்டுப் போயிருக்கான். எங்க வீட்டு ஃபேனைச் சரிபண்ண வந்தவன்கூட இவ்வளவு நறுவிசு இல்ல."

மொமொதா. முன்னே மேடையில் ரெட்டையர் நகைச்சுவை செய்தவன். கூட்டாளி வேறு ஆளோடு போய்ப் பெயர் வாங்கிவிட, இவன் துப்பறியும் செரிசாவாவிடம் வந்து சேர்ந்தான். செரிசாவா முன்பு காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கிற வேலையில் இருந்த அம்மாள். குண்டு உடம்பு, சின்னக் கண். வீடியோ கேமில் அ, ஆ தெரியாது. ஷிஹோ காலையில் அழுதுகொண்டே போன் செய்தது இவரிடம்தான்.

"சாவி யார்கிட்ட இருக்கு, கஜிதானி சான்?" என்று மரியாதைக்குச் 'சான்' சேர்த்தே கேட்டார் செரிசாவா.

கடைக்காரர் கஜிதானி ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். எழுபது வயது. "என்கிட்ட ஒண்ணு. கேமரா வைக்க வருதுன்னு இந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு."

"போலீஸுக்கு நீங்க ஏன் இன்னும் சொல்லல?"

"எதுக்கு... சின்னப் பொண்ணு. வாழ வேண்டிய வயசு."

ஷிஹோவைப் பார்க்காமலேயே சொன்னார். ஒகினோவின் கத்தலைவிட அந்தப் பரிவுதான் அவளைச் சுருக்கென்று குத்தியது.

செரிசாவா கடையைச் சுற்றி வந்தார். கல்லா அருகே நூலில் கட்டித் தொங்கிய தடித்த நோட்டைத் தூக்கினார். ஆட வருகிறவர்கள் மனசில் பட்டதை எழுதிவிட்டுப் போகிற நோட்டு.

"படி, மொமொதா. கடைசி அஞ்சாறு மாசம் போதும்."

"ஜூலை மூணு, ஒகினோ அண்ணன் கையெழுத்து" என்று மேடைக்குரலில் ஆரம்பித்தான். "'வீட்டில் எமுலேட்டரில் ஆடிப் பார்த்தேன். பிளாஸ்டிக் பூ. இங்கே வந்து நாணயம் போட்டதும்தான் கைக்கு உயிர் வந்தது. கொக்கு மூச்சு வாங்குகிறது. அசல் அசல்தான்.'"

ஷிஹோவுக்குக் காது சிவந்தது. இந்தப் பக்கத்தை யாரோ படம் எடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு இந்தக் கடைப் பக்கமே வரவில்லை.

"ஆகஸ்ட் பதினொண்ணு. மறுபடியும் அண்ணன்தான். 'தொண்ணூற்றாறு லட்சம். என் சாதனையை நானே உடைத்தேன். அசல் போர்டில் ஆடினால்தான் செல்லும், ஆடிவிட்டேன்.' கீழே சொந்தமா நட்சத்திரம் போட்டிருக்காரு. மூணு."

"சுவத்துலயும் குத்தியிருக்கு, பாரு" என்றார் ஒகினோ கர்வமாக.

"செப்டம்பர் பதினேழு. இது வேற கை. 'புயல்கூட அந்தப் பெயரை அழிக்கவில்லை. இனி நான் வரமாட்டேன். நுகாதா.'"

செரிசாவாவின் விரல் அந்த வரியில் நின்றது. "இது யாரு?"

"அடுத்த கடை. ஊறுகாய் விக்கிறவ. கிறுக்கு, விடுங்க" என்றார் கஜிதானி. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. உரித்த ஆரஞ்சுச் சுளை ஒன்று தரையில் விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

"வாங்க, ஊறுகாய் வாங்கலாம்" என்றார் செரிசாவா.

*

நுகாதா அம்மாள் முள்ளங்கி ஊறுகாயைப் பீப்பாயிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். கையெல்லாம் தவிடு.

"எழுதினது நான்தான். அதுக்கு இப்ப என்ன? அந்த டாக்ஸிக்காரன் உங்களை அனுப்பினானா?"

"இல்லம்மா. கால் கிலோ கத்திரிக்கா ஊறுகாய் கொடுங்க" என்றார் செரிசாவா. "யார் பேரு அழியல?"

வியாபாரம் என்றதும் அம்மாளின் முகம் இளகியது. "இருபது வருஷமா காலையில பத்து மணிக்கு அங்க ஷட்டர் தூக்கினதும் முதல் ஆளு நான். ஒரே ஒரு நாணயம். எனக்கு ஆடத் தெரியாது, கொக்கு மூணு நிமிஷத்துல செத்துரும். ஆனா ராத்திரி பெட்டியை அணைச்சா அது எல்லாத்தையும் மறந்துரும் பாருங்க. காலையில போட்டா பட்டியல் காலியா இருக்கும். கொஞ்சம் புள்ளி எடுத்தாலே என் பேரு உச்சியில. சாயங்காலம் அந்த ஒகினோ வர்ற வரைக்கும் நான்தான் ராணி. மத்தியானம் ஊறுகாய் கொண்டுகொடுக்கப் போறப்ப எட்டிப் பார்ப்பேன். நுகா, நுகா, நுகான்னு மின்னும்."

"அப்புறம்?"

"ஜூன் மாசம் ஒருநாள் போனா, முந்தின நாள் ஒகினோ பேரு அப்படியே நிக்குது! கஜிதானியைக் கேட்டேன். 'பழைய போர்டு, அணைச்சு அணைச்சுப் போட்டா செத்துரும், இனிமே ராத்திரியும் ஓடும்'னார். சரி, அவர் பெட்டி, அவர் கரண்டு. ஆனா வயிறெரியாதா சொல்லுங்க? அவன் பேரு ராத்திரி பூரா வெளிச்சத்துல குளிச்சிட்டு நிக்குது. என் பேருக்கு ஒரு மூலைகூட இல்ல."

"பொறாமையாம்மா?" என்றான் மொமொதா.

"பின்ன என்ன தம்பி, பக்தியா?" என்று வெட்டினார். "செப்டம்பர்ல புயல் வந்துச்சு. சாயங்காலம் போன கரண்டு மறுநாள் விடியக்காலையிலதான் வந்துச்சு, தெருவே இருட்டு. என் பிரிட்ஜ்ல இருந்த கத்திரிக்கா ஊறுகாய் அத்தனையும் பொங்கிப் போச்சு. போகட்டும்னு விட்டேன். எதுக்கு? அவன் பேரும் போயிருக்கும்ல! வீட்டுச் செருப்போட ஓடினேன். கஜிதானி பெட்டியைப் போட்டாரு. பார்த்தா..."

தவிட்டுக் கையை உதறினார்.

"ஒகி, ஒகி, ஒகி. தொண்ணூத்தாறு லட்சம். கல்லுல வெட்டின மாதிரி நிக்குது. அன்னிக்கு எழுதினதுதான் அது."

ஷிஹோ சட்டென்று நிமிர்ந்தாள். செரிசாவா அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது. அசல் போர்டுக்குக் கரண்டு போனா ஞாபகம் இருக்குமா, ஷிஹோ சான்?"

"இருக்காது. புள்ளியைச் சேர்த்து வைக்க அதுல இடமே கிடையாது."

"அப்போ எதுக்கு ஞாபகம் இருக்கும்?"

"என்னோடதுக்கு" என்றாள் ஷிஹோ. "வீட்டுல ஆடுறவங்க கேட்டாங்க, காலையில பார்த்தா பேரு இல்லையேன்னு. அதான் அந்த வசதியை நானா சேர்த்தேன்."

"உங்களோடது இந்தக் கடைக்குள்ள எப்பவாவது வந்துச்சா?"

"மே மாசக் கடைசியில... கைக்கடக்கமா ஒரு பெட்டி. புதுப் பதிப்பு. வேற யாருக்கும் கொடுக்கல. அசலோட ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்கன்னு கஜிதானி சான்கிட்ட கொடுத்தேன். அவர் ஒண்ணுமே சொல்லல. குப்பையில போட்டிருப்பார்னு நினைச்சேன்."

"அந்தக் குப்பைக்குத்தான் ஊரே ரயிலேறி வந்து நூறு நூறு யென்னா போட்டுட்டுப் போயிருக்கு" என்றான் மொமொதா.

"ஆனா ஒகினோவுக்கு எப்படிச் சந்தேகம் வரல? புயலுக்கு அப்புறமும் பேரு நின்னுச்சே!" என்றாள் ஷிஹோ.

"உச்சியில தன் பேரைப் பார்த்தவனுக்குச் சந்தேகமா வரும்? சந்தோஷம்தான் வரும். என் பழைய கூட்டாளியைக் கேட்டுப் பாருங்க."

செரிசாவா ஊறுகாய்ப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். மணி ஐந்து இருபது.

*

"கஜிதானி சான், உங்க மனைவி படத்துக்கு ஒரு ஊதுவத்தி ஏத்திட்டுப் போறேன்" என்றார் செரிசாவா.

அதை யாராலும் மறுக்க முடியாது. கஜிதானியால்கூட. "மேல ஒரே குப்பையாக் கிடக்கு" என்று முணுமுணுத்தார். அதற்குள் செரிசாவா செருப்பைக் கழற்றிவிட்டு மாடிப்படியில் பாதி ஏறிவிட்டார். மொமொதாவும் ஷிஹோவும் பின்னால் போனார்கள்.

ஆறு பாய் விரித்த சின்ன அறை. மூலையில் இறந்தவர்களுக்கான மரமாடம். உள்ளே சிரித்த முகத்தோடு ஒரு அம்மாளின் படம். செரிசாவா மண்டியிட்டு ஊதுவத்தி ஏற்றினார், மணியைத் தட்டினார், கைகூப்பினார். எல்லாம் முறைப்படி, நிதானமாக.

மொமொதாதான் சொன்னான். "அக்கா, ஒரு ஆளுக்கு ரெண்டு கிண்ணம் சோறு வச்சிருக்கு. அம்மா நல்லாச் சாப்பிடுவாங்களோ?"

ஒரு கிண்ணம் படத்துக்கு முன்னால் இருந்தது. இன்னொன்று, பக்கத்தில் ஊதா நிறத் துணியில் மூட்டையாய்க் கட்டி வைத்திருந்த எதற்கோ முன்னால்.

கஜிதானி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவிழ்க்காதீங்க" என்றார். "நானே அவிழ்க்கிறேன்."

பச்சைத் தகடு. நடுவில் ஒரு சில்லு கருகி, வெடித்து, சுற்றிலும் புகைக்கறை.

"ஜூன்ல, மழை விடாம ஊத்தின நாள். காலையில சுவிட்சைப் போட்டேன், புகை வந்துச்சு. இந்தச் சில்லு செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. அன்னிக்கு மத்தியானம் ரெண்டு பேரு ஹொக்கைதோலேருந்து வர்றதா எழுதியிருந்தாங்க. என்னன்னு சொல்லுவேன்? இந்தப் பொண்ணு கொடுத்த பெட்டி மேஜையில கிடந்துச்சு. இன்னிக்கு ஒருநாள்தானேன்னு மாட்டினேன்."

"அவங்க கண்டுபிடிக்கலையா?" என்றார் செரிசாவா.

"ஒருத்தன் கண்ணைத் துடைச்சுக்கிட்டான். 'அசல் அசல்தான்'னான்." கஜிதானி ஊதாத் துணியை நாலாய் மடித்தார். "எனக்கு எப்படி இருந்திருக்கும்? முப்பத்தாறு வருஷம் தூசு தட்டி, ஈரம் படாம, பிள்ளை மாதிரி வச்சிருந்தது நான். செத்தது என்னோடது. பாராட்டு வாங்குறது இவளோடது. அதைக் கழட்டி எறியலாம்னா கடை படுத்துரும். வச்சிருக்கலாம்னா ஒவ்வொருத்தன் சிரிப்பும் என்னைச் சுடுது. நாளைக்குப் போட்டியில ரெண்டு பெட்டியையும் எல்லார் முன்னாலயும் திறக்கணும். அதான் விடியக்காலையில எழுந்து இவ பெட்டியைக் கழட்டினேன்." ஷிஹோவை இப்போதுதான் நேராகப் பார்த்தார். "நீ திருடினேன்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல, பொண்ணே."

"இல்லேன்னும் சொல்லலியே" என்றாள் ஷிஹோ.

அவர் தலை குனிந்தது. அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. ஜூலையில் சாப்பிடாமல் படுத்த அந்த நாள் வந்தது. பிளாஸ்டிக் பூ என்று ஒகினோ எழுதியது அவளுடைய பழைய பதிப்பை. மூச்சு வாங்குகிறது என்று எழுதியது அவளுடைய புதியதை. ஐந்து மாதமாக யாரைப் பார்த்து வெந்துகொண்டிருந்தாள்?

கீழே யாரோ கடிகாரத்தைப் பார்த்துக் கத்தினார்கள்.

*

கஜிதானி எல்லாவற்றையும் கூட்டத்தின் நடுவே நின்று சொன்னார். கருகிய போர்டைக் கல்லாவில் வைத்தார். ஷிஹோ கொடுத்த கை அகலப் பெட்டியைப் பக்கத்தில் வைத்தார். ஒகினோ கடைசிவரை கேட்டார். பிறகு சிரித்தார்.

"பெரியவரே, இவ அழுதிருப்பா. நீங்க மனசு இளகிட்டீங்க."

"அழுதது நான்தான். ஊதுவத்திப் புகை" என்றான் மொமொதா.

"ஊறுகாய்க் கடை அம்மா சாட்சி" என்றார் செரிசாவா.

"அந்தம்மாவுக்கு என் மேல இருபது வருஷத்து வயித்தெரிச்சல்!"

ஷிஹோ பெட்டியை ஒயரில் மாட்டிச் சுவிட்சைப் போட்டாள். திரை விழித்தது. உச்சியில் ஒகி, தொண்ணூற்றாறு லட்சம். ஒகினோவின் முகம் ஒரு கணம் தளர்ந்தது. உடனே இறுகியது.

"நீ செஞ்ச மென்பொருள். எந்த எண்ணை வேணும்னாலும் நீயே எழுதி வச்சுக்கலாம். போர்டை எடுத்துட்டுப் போய்க் கருக்கினதும் நீதான். ஆகஸ்ட்ல நான் ஆடினது அசல்ல. அதை அழிக்கப் பார்க்கிறே, இல்ல? அஞ்சு மாசம் தினமும் ஆடினவன் நான். என் கைக்குத் தெரியாதா?" போனை எடுத்து ரெண்டு எண்களை அமுக்கியும் விட்டார்.

செரிசாவா ஒரு அடி முன்னால் வைத்தார். ஷிஹோ அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒகினோ சான், ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். நீங்க போன் பண்ணுங்க, நான் தடுக்கல." திரையைக் காட்டினாள். "அஞ்சு மாசத்துல கொக்கு ஒரு இடத்துலகூடத் தப்பாப் பறக்கலையா? ஒண்ணுகூடவா உங்க கண்ணுல படல?"

போலீஸ், வழக்கு, அருங்காட்சியகம் எதுவும் அந்தக் கேள்வியில் இல்லை. ரெண்டு வருஷம் செவ்வாய்க்கிழமைகளைக் கொட்டியவள் கேட்கிற கேள்வி. ஒகினோவுக்கு அது சவால் மாதிரி கேட்டது.

"படலையா? எனக்கா?" என்று நிமிர்ந்தார். "ஏழாவது கட்டம். கோட்டைக் கூரை நுனியிலேருந்து இடப்பக்கம் திரும்புறப்ப அரை மூச்சு பிந்துது. ஊர்ல எவனுக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். முப்பது வருஷமா அப்படி இல்ல. இந்த ஜூன்லேருந்துதான்..."

நின்றுவிட்டார்.

மூலையில் ஆளில்லாத கார்ப்பந்தய ஆட்டம் மட்டும் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

"ஜூன்லேருந்தா?" என்றார் செரிசாவா மெதுவாக.

ஒகினோவின் போன் தாழ்ந்தது. கையுறையைக் கழற்றினார், ஒவ்வொரு விரலாக. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கண் டாக்டர்கிட்ட ரெண்டு தடவை போனேன்" என்றார். "நரம்புக்கு மாத்திரை சாப்பிடுறேன். வயசாயிடுச்சு, கை பிந்துதுன்னு நினைச்சேன். வீட்டுல சொல்லல. டாக்ஸியை விட்டுரலாமான்னுகூட..."

"அது நான் விட்ட பிழை" என்றாள் ஷிஹோ. "உங்க கையில ஒண்ணுமே இல்ல."

ஒகினோ சுவரண்டை போனார். தொண்ணூற்றாறு லட்சம் என்ற ஆகஸ்ட் மாதத் தாளை நாலு முனையிலும் ஊசி பிடுங்கி, கிழியாமல் எடுத்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இந்தப் பொண்ணு எதையும் திருடல" என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி. "சந்தேகம் இருக்கிறவன் என்கிட்ட வரட்டும்."

"அப்போ நாளைக்குப் போட்டி?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது முடிஞ்சு போச்சுய்யா. அஞ்சு மாசமா நடந்துச்சு" என்றான் மொமொதா.

ஷிஹோ ஒகினோவின் அருகே வந்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்தாள். கேட்டுவிட்டாள். "அந்த அரை மூச்சைத் தவிர... மத்ததெல்லாம்?"

"சொல்லமாட்டேன்."

"ஒரு வார்த்தை."

"சாகுற வரைக்கும் சொல்லமாட்டேன்." ஸ்டூலை இழுத்து வெண்கொக்கின் முன் உட்கார்ந்தார். நாணயத்தைப் போட்டார். "எந்தத் திருப்பம்னு காட்டுறேன், குறிச்சுக்கோ. ஏழாவது கட்டத்துக்கு நீயே போய்ப் பார்த்திருக்கலாமே?"

"நான் மூணாவதையே தாண்டினதில்ல" என்றாள் ஷிஹோ.

ஒகினோ முதல் தடவையாக அவளை ஒழுங்காகப் பார்த்தார்.

"அப்போ வாயை மூடிக்கிட்டுப் பக்கத்துல உக்காரு" என்றார். கொக்கு எழும்பிவிட்டது.